நார்மல் தடத்தில் ஒரு கோடு

அந்தக் கோட்டை முதல் வாரம் முழுவதும் யாரும் பார்க்கவில்லை. அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. தொழிலின் பழக்கம் அப்படி. ஜெல் தகட்டின் முதல் தடம் எப்போதும் நார்மலுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நல்ல ரத்தத்துக்கு, உரியது. மற்ற தடங்களில் பரவியிருக்கும் ரத்தத்தைப் படிப்பதற்காகக் கண் அதைத் தொட்டுவிட்டுப் போகும், அங்கே நிற்காது. துணியை அளக்கிறவர் அளவுகோலை அளந்து பார்ப்பதில்லை.

ஆய்வுக்கூடம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. முன்னறையில் அகன்ற கைப்பிடி வைத்த நாற்காலியும் பஞ்சுச் சுருள்களும் இருந்தன. பின்னறையில் ஃப்ரீசர், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், தகட்டுக்கு மின்சாரம் பாய்ச்சும் பெட்டி, சாயமேற்றிய தகட்டை வைத்துப் பார்ப்பதற்கான விளக்குப் பலகை. கீழே யாராவது சைக்கிள் மணியைச் சோதித்துப் பார்க்கும் ஓசை நாள் முழுவதும் மேலே ஏறி வந்துகொண்டிருக்கும்.

அங்கே நடந்த வேலை, மருத்துவமனைகளில் நடப்பதற்கு நேர் எதிரானது. நோயாளி வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. நோய் இல்லாதவர்களைத் தேடிப் போயிற்று. ரத்தப் புற்றுநோய்களில் சில, நோயாக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே ரத்தத்தில் ஓர் அடையாளத்தை விட்டுவைக்கின்றன. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தகட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதிலுள்ள புரதங்கள் தத்தம் இடம் தேடிப் பிரிந்து போகும். எதிர்ப்புப் புரதங்கள் போய்ச் சேரும் கடைசிப் பகுதியில், நல்ல ரத்தம் மங்கலான புகை போலப் படரும். அவற்றை உண்டாக்கும் செல்கள் பல வகைப்பட்டவை என்பதே காரணம். அவற்றுள் ஒரே ஒரு வகை மட்டும் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தொடங்கினால், புகையின் நடுவே மெல்லிய, கூரிய கோடொன்று விழும். கோடு நோயல்ல. பெரும்பாலோருக்கு அது கடைசிவரை கோடாகவே இருந்துவிடும். ஓர் ஆண்டில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அது வேறொன்றாக மாறும். அந்த ஒருவருடைய எலும்பும் சிறுநீரகமும் கெடுவதற்கு முன்பே குறுக்கே போய் நிற்க முடியுமா என்பதுதான் அந்த இரண்டு அறைகளின் கேள்வி.

நான்கு பேர் வேலை செய்தார்கள். பொறுப்பில் இருந்தவர் டாக்டர். தலை நரைத்த, மெதுவாகப் பேசும் பெண்மணி. ரத்தம் எடுப்பவள் அண்ணி. தகடு ஓட்டுபவள் அவளுடைய நாத்தனார். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். நாத்தனாருக்கு நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் சின்னவள். அண்ணியின் வாயிலிருந்து அது ஆய்வுக்கூடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நான்காமவர் வண்டிக்காரர். அவர் சின்னவளை "சின்னக்கா" என்பார்; அதில் உள்ள முரண் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

நார்மல் சீரம் வழக்கமாகச் சிறு புட்டிகளில் வெளியிலிருந்து வரும். அந்தப் பருவத்தில் வரத்து நின்றுபோனதால், நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்து, சீரத்தைப் பிரித்து, ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டார்கள். கோடு அதில்தான் விழுந்திருந்தது.

அதைக் கண்ட பிறகும் அவர்கள் நார்மலைச் சந்தேகிக்கவில்லை. முதலில் ஜெல்லைச் சந்தேகித்து ஒரு பெட்டித் தகடுகளை ஒதுக்கினார்கள். பிறகு சாயத்தை மாற்றினார்கள். ரத்தம் முழுதாக உறையுமுன் சீரத்தைப் பிரித்துவிட்டால் இப்படியொரு போலிக் கோடு தோன்றும் என்பதால், கலவையை மீண்டும் சுழற்றி வடித்தார்கள். மின்பெட்டியைச் சரிபார்க்க ஒருவர் வந்து, பெட்டியில் குறையில்லை என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். நார்மல் கெட்டுப்போக முடியும் என்ற எண்ணம் வருவதற்கு முன்னால், கெட்டுப்போகக்கூடிய மற்ற எல்லாவற்றையும் அவர்கள் எண்ணித் தீர்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் சின்னவள் ஓர் எளிய காரியம் செய்தாள். நார்மலை முதல் தடத்தில் இடாமல் ஐந்தாம் தடத்தில் இட்டாள். கோடு ஐந்தாம் தடத்துக்குப் போயிற்று. முதல் தடம் சுத்தமாக இருந்தது.

அவள் டாக்டரை அழைத்துக் காட்டினாள். டாக்டர் விளக்குப் பலகையின் மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார்.

"கலவையில நாம நாலு பேரும் இருக்கோம்," என்றார். "அதுலயே கோடு மங்கலா தெரியுதுன்னா, யாரோ ஒருத்தர்கிட்ட அது அதைவிட நாலு மடங்கு பளிச்சுனு இருக்கு."

வண்டிக்காரர் நால்வர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்; தன் முகத்தைப் பார்க்க முடியாததால் மூவரோடு நிறுத்திக்கொண்டார். "ஊரெல்லாம் வண்டி ஓட்டித் தேடினோம். ஆளு மாடியிலயே உக்காந்திருக்காரு."

"உக்காந்திருக்காருன்னு எப்படிச் சொல்ற? உக்காந்திருக்காளோ என்னவோ," என்றாள் அண்ணி.

"ஃப்ரீசர்ல நம்ம நாலு பேரோட மிச்சமும் தனித்தனியா இருக்கு," என்று தொடர்ந்தார் டாக்டர். "எடுத்து ஓட்டினா தெரிஞ்சிடும். ஆனா நாம யாரும் நம்மளைச் சோதிக்கணும்னு ரத்தம் குடுக்கல. நார்மலுக்காகக் குடுத்தோம். அவங்கவங்க சரின்னு சொல்லாம யாரோட குழாயையும் தொடக் கூடாது. என்னோடதை ஓட்டலாம்."

"என்னோடதும் ஓட்டுங்க சின்னக்கா," என்றார் வண்டிக்காரர். "எனக்கு எது வந்தாலும் லாரி மாதிரி நேரா வந்து மோதும். கோடு போட்டு, முன்கூட்டியே தகவல் சொல்லி, மரியாதையா எல்லாம் வராது."

அண்ணி நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வேணாம்," என்றாள்.

மூவரும் சிரித்தார்கள். ரத்தம் கொடுக்கத் தயங்குகிறவர்களைப் பேசிப் பேசி நாற்காலியில் உட்காரவைப்பவள் அவள்தான். அந்தக் கூடத்துக்குக் கிடைத்த ரத்தத்தில் பாதி அவளுடைய ஊசிக்குக் கிடைத்தது என்றால், பாதி அவளுடைய வாய்க்குக் கிடைத்தது.

"அண்ணி, நீங்களா சொல்றது?"

"நானேதான். என் வாயாலதான் சொல்றேன். வேணாம்."

அவள் துணியை நான்காக மடித்து இழுப்பறையில் வைத்தாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரின் தடமும் வண்டிக்காரரின் தடமும் சுத்தமாக இருந்தன. வண்டிக்காரர் தன் தகட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்ல புகைதான்," என்று திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார்.

சின்னவள் ஃப்ரீசரைத் திறந்து தன் குழாயை எடுத்தாள். அது அவள் உள்ளங்கையில் உருகத் தொடங்கியிருந்தபோது டாக்டர் உள்ளே வந்தார்.

"உன்னோடதா?"

"ஆமா டாக்டர். என்னோடதுக்கு நான் சரின்னு சொல்றேன்."

"சொல்லலாம். தடுக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சியா? உனக்கு இல்லைன்னு வந்தா, அது யாரைப் பத்தின பதில்?"

சின்னவள் குழாயைப் பார்த்தாள். நால்வரில் இருவர் விலகிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் அவளும் அண்ணியும். அவளுடைய தடம் சுத்தமாக வந்தால், தொடப்படாத குழாயிலிருந்தே அண்ணியின் கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அண்ணி வேண்டாம் என்று சொன்ன சொல், அண்ணியைத் தொடாமலேயே மீறப்பட்டுவிடும். அவள் குழாயை மறுபடி ஃப்ரீசரில் வைத்தாள்.

அன்று மாலை வீட்டில் அண்ணி பாத்திரம் கழுவினாள். சின்னவள் துடைத்து அடுக்கினாள். அண்ணன் கண்ணாடி வெட்டுகிறவர்; ஜன்னல்களுக்கும் படங்களுக்கும் அளவெடுத்து வெட்டிக் கொடுப்பார். அவர் மேசையில் உட்கார்ந்து விரலில் ஏறிய கண்ணாடித் துணுக்கை எடுத்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பற்றி மனைவி சொல்லக் கேட்டு, "நாலு பேரைக் கலந்தா எதுலதான் தெளிவு வரும்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எந்தச் செய்தியும் அவருக்குள் இறங்க இரண்டு நாளாகும் என்று இருவருக்கும் தெரியும்.

"கேக்கணும்னு நினைக்கற. கேளு," என்றாள் அண்ணி.

"ஏன் அண்ணி வேணாம்னீங்க?"

"உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீங்க."

"கழுத்துல ஒரு கட்டி. ஒண்ணும் பண்ண வேணாம், பாத்துக்கிட்டே இருக்கலாம்னாங்க. பாத்துக்கிட்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பயம் ஆரம்பிச்சிடும் அவங்களுக்கு. தூங்க மாட்டாங்க. போயிட்டு வந்தப்புறம் ஒரு மாசம், அவங்க அப்படிப் பாத்தாங்களே, இப்படிச் சொன்னாங்களேன்னு. நடுவுல கொஞ்ச நாள் மனுஷியா இருப்பாங்க. அப்புறம் மறுபடியும். கடைசியில எதுல போனாங்க? மாரடைப்புல. அந்தக் கட்டி அவங்களை ஒண்ணும் பண்ணல. காத்திருந்ததுதான் தின்னுச்சு."

சின்னவள் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே உலர்ந்திருந்தது.

"இது அது மாதிரி இல்ல அண்ணி. எப்பப் பாக்கணும், எதைப் பாக்கணும்னு கணக்கு இருக்கு. அபாயம் அதிகமா இருக்கிறவங்களுக்கு, நோயா மாறறதுக்கு முன்னாடியே மருந்து குடுத்துப் பாக்கறாங்க இப்ப."

"எனக்கே பாடமா? இதையெல்லாம் ஊருக்குச் சொல்றது நான்தானே. பொய்யும் சொல்லல. எல்லாம் சரி. ஆனா நான் சொல்றப்ப மறுபக்கம் இருக்கிறவன் கையைத்தான் பாக்கறேன். அவன் வீட்டைப் பாக்கல. நம்ம வீட்டை நான் பாத்திருக்கேன்."

சின்னவள் தட்டை அடுக்கில் வைத்தாள். அண்ணியின் வாதத்தில் பிழை இருக்கலாம், அனுபவத்தில் இல்லை. வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுவதுதான் மரியாதை என்று அவள் தனக்குள் முடிவு கட்டினாள். அந்த முடிவு தனக்கு எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

சில நாட்களில் நார்மல் புட்டிகள் வந்து சேர்ந்தன. முதல் தடம் பழையபடி புகையாகப் படர்ந்தது. கோடு யாருடையது என்று அறிய இனி வேலையின் தரப்பில் எந்தத் தேவையும் இல்லை. டாக்டரும் கேட்கவில்லை. ஆனால் சின்னவளுக்கு இரவுகளில் முதுகு வலித்தது. அண்ணி மாடிப்படி ஏறும்போது இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டும் முன்பும் இருந்தவைதான். முன்பு அவை அசதியாக மட்டும் இருந்தன. இப்போது இருவரும் ஒருவர் நடையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

மழை பிடித்திருந்த ஒரு காலையில் அவர்கள் ஒரு பஸ் பணிமனைக்குப் போனார்கள். ஊழியர்களின் ஓய்வறையில் ஒரு மேசையை ஒதுக்கித் தந்திருந்தார்கள். குழாய்களில் ஒட்டுத்தாள் ஒட்டுவதற்காகச் சின்னவளும் போயிருந்தாள். வரிசையில் ஐந்தாறு பேர் முடிந்த பிறகு, கையில் கிரீஸ் போகாத பருத்த மெக்கானிக் ஒருவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிரக் கையை நீட்டவில்லை.

"எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. நல்லா இருக்கிறவனைப் பிடிச்சு எதுக்கு நோண்டறீங்க?"

"வண்டி நின்னப்புறம்தான் பானெட்டைத் தூக்குவீங்களா?" என்றாள் அண்ணி. "ஓடறப்பவே ஒரு சத்தம் மாறிக் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"நட்டை முடுக்குவேன்."

"அதேதான். உங்க சத்தத்தை நாங்க கேக்கறோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துச் சட்டைக் கையை மடித்தார். அண்ணி ரப்பர் பட்டையைக் கட்டினாள். அவர் தன் கையைப் பார்க்க விரும்பாமல் அவள் முகத்தைப் பார்த்தபடி, பேச்சுக்காகக் கேட்டார்:

"நீங்க பாத்துக்கிட்டீங்களா?"

இத்தனை ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்டதில்லை. அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் அறிந்திருக்கப் போவதில்லை.

"இல்ல," என்றாள்.

மெக்கானிக் சற்று யோசித்தார். கோபப்படவில்லை. பட்டையைத் தானே அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை இறக்கினார். "நீங்க முதல்ல பாத்துக்குங்க," என்று தோழமையோடு சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பின்னால் நின்ற இருவரும் எதையோ மறந்துவிட்டவர்கள் போல மெல்ல நகர்ந்தார்கள்.

திரும்பும் வழியில் வண்டிக் கண்ணாடியில் துடைப்பான் சீராக அசைந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் இருவருக்கும் இடையே குழாய்ப் பெட்டி இருந்தது.

"பொய் சொல்லியிருக்கலாமே அண்ணி," என்றாள் சின்னவள்.

"ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு எனக்குப் பொய் வராது. கை ஆடும்."

சிறிது தூரம் போன பிறகு சின்னவள் சொன்னாள்: "உங்களுக்காகத்தான் நான் என்னோடதை ஓட்டல."

"தெரியும்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்குச் சொல்லணும்? நீதான் மூஞ்சியில நோட்டீஸ் ஒட்டிக்கிட்டுத் திரியறியே." அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். "அன்னிக்கு நான் சொன்னது பாதிதான். மிச்சப் பாதி நீ."

"நானா?"

"நான் பாத்து எனக்கு இல்லைன்னு வந்தா, மிச்சம் யாரு? உங்கம்மாவுக்கு ரிசல்ட் வர்ற அன்னிக்கெல்லாம் நீ என்ன பண்ணுவ? வீட்டுல இருக்கிற ஜன்னலையெல்லாம் துடைப்ப. உங்கண்ணனே வெட்டி மாட்டின கண்ணாடி, தேஞ்சு போற அளவுக்குத் துடைப்ப. ஒரு நாளாவது உள்ள வந்தியா? அடுத்தவங்க ரத்தத்தை நாள் முழுக்க உத்துப் பாக்கறவதான். உன்னோடதை நீ தாங்குவியான்னு எனக்குத் தெரியல. அதான் மூடி வெச்சேன்."

சின்னவளுக்குக் கோபம் வந்தது. "என்னைக் கேக்காம எனக்காக முடிவு பண்ணிட்டீங்க. நான் என்ன குழந்தையா?"

"நீ மட்டும் என்னைக் கேட்டியா?"

வண்டிக்காரர் கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். "குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. ரெண்டு பேரும் எனக்கில்ல உனக்குன்னு விட்டுக்குடுத்துட்டீங்க. அந்தக் கோடு பாவம், கூட்டிட்டுப் போக ஆளில்லாம நிக்குது."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள் அண்ணி. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னவள் சிரிக்கவில்லை. அண்ணியின் விருப்பத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு தான் உட்கார்ந்திருந்த இடம் உண்மையில் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்று குழாயைத் திருப்பி வைத்தபோது நெஞ்சில் ஏற்பட்ட இலேசான நிம்மதிக்கு அவள் மரியாதை என்று பெயர் வைத்திருந்தாள். அண்ணியின் மறுப்பில் சின்னவளின் பயம் வசதியாகக் குடியிருந்தது.

"ரெண்டையும் சேத்து ஓட்டிடலாம் அண்ணி," என்றாள். "நீங்க சரின்னா."

அண்ணி குழாய்ப் பெட்டியின் மூடியை அழுத்திச் சரிபார்த்தாள். வண்டி ஒரு சிக்னலில் நின்று, கிளம்பியது.

"சரி. ஆனா ஒரு கண்டிஷன். யாரோடதா இருந்தாலும் வீடு அந்த மாதிரி ஆகக் கூடாது. ஆஸ்பத்திரி நாள் ஆஸ்பத்திரிக்கு. மத்த நாளெல்லாம் நமக்கு. நடுவுல யாராவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, இன்னொருத்தி கேக்கணும்."

"கேப்பேன்."

"நான் கேப்பேன். நீ எங்க கேக்கப் போற."

ஃப்ரீசரில் இருந்த பழைய குழாய்களை வேண்டாம் என்றார் டாக்டர். அவை நார்மலுக்காகக் கொடுத்தவை. புதிதாக எடுக்கச் சொன்னார். சின்னவளுக்கு அண்ணி எடுத்தாள். ஊசி போனதும் வந்ததும் தெரியவில்லை. அண்ணிக்கு எடுக்க வேறு ஆளில்லை. சின்னவள் படித்த காலத்தில் கற்றுக்கொண்டதை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

"நரம்பு அங்க இல்லடி, இங்க."

"கையை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டல. உன் கை ஆடுது. இவ்வளவு நாள் நான் குத்தினப்ப எவனாவது இப்படிக் கத்தியிருக்கானா?"

"நீங்கதான் கத்தறீங்க."

"பின்ன? ரெண்டாவது தடவை குத்தறியே."

மூன்றாவது முறை ரத்தம் குழாயில் இறங்கியது. அண்ணி பஞ்சை அழுத்திக்கொண்டு, "நாளையிலேர்ந்து நான் விடுப்பு எடுத்தா இந்த இடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்," என்றாள்.

ரத்தம் உறையும்வரை காத்திருந்து, சுழற்றி, சீரத்தைப் பிரித்து, இரண்டு தடங்களில் இட்டாள் சின்னவள். மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் வேறு தகடுகளைப் படித்து முடித்தாள். அண்ணி முன்னறையில் வந்தவர்களுக்கு ரத்தம் எடுத்தாள். வண்டிக்காரர் மட்டும் காரணமில்லாமல் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தார். சாயமேற்றி, கழுவி, உலர்த்தி முடித்தபோது பிற்பகல் ஆகியிருந்தது.

டாக்டர், தான் பார்க்கட்டுமா என்று கேட்டார். சின்னவள் வேண்டாம் என்றாள். விளக்குப் பலகையில் தகட்டை வைத்து, மூவரும் சூழ்ந்து நிற்க, வழக்கம்போல இடது ஓரத்திலிருந்து படித்தாள். நார்மல் தடம். பிறகு அண்ணியின் தடம். முடிவில் மென்மையான புகை. அதற்கடுத்த தடத்தில் புகையின் நடுவே நேரான, மெலிந்த, யாரும் தவறவிட முடியாத கோடு.

"என்னோடது," என்றாள். குரல் அவளுக்கே வேறொருவருடைய முடிவைச் சொல்வதுபோல் கேட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "இடம் தெளிவா இருக்கு. தடிமன் இல்ல. சின்ன அளவுதான்னு நினைக்கறேன்."

"நானும் அப்படித்தான் நினைக்கறேன்," என்றார் டாக்டர். "ஆனா நினைப்பு போதாது. எந்த வகைப் புரதம்னு பாக்கணும், அளக்கணும். சிறுநீரகம், கால்சியம், ரத்த எண்ணிக்கை. எலும்பைப் படம் எடுக்கணுமான்னு அதுக்கப்புறம். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனாலும் சொல்றேன். இப்ப நீ இந்தப் பக்கம் நிக்கற."

சின்னவள் தலையசைத்தாள். அண்ணி அவள் தோள்மேல் கைவைத்தாள். பிறகு, தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது அதுவல்ல என்று நினைத்தவள் போல, கையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். "பயமா இருக்கா? இருக்கட்டும். எனக்கும் இருந்துச்சு. இன்னிக்குத்தான் பாத்துக்கிட்டேன்," என்று அவள் சொல்வது பின்னறையில் கேட்டது.

அண்ணனிடம் சின்னவளே சொன்னாள். அவர் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வெட்டுச் சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் சக்கரத்தைக் கீழே வைத்தார். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றாள். "வலிச்சா சொல்லு," என்றார். இரண்டு நாள் கழித்து, காலை நேரத்தில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து அவளுடைய தலையில் கைவைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

மருத்துவமனைக்கு அண்ணியும் வந்தாள். நடைக்கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் நிமிர்த்தி, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். பல ஆண்டுகள் அம்மாவுக்காக உட்கார்ந்த விதம் அதுதான் என்று, அன்றெல்லாம் உடன் வராத சின்னவளுக்கே பார்த்ததும் புரிந்தது.

"நீங்க இங்க உக்கார வேணாம்."

"பின்ன எங்க நிக்கறது?"

"வெளியில போங்க. கடைத்தெரு இருக்கு. எதையாவது பாருங்க. நான் முடிச்சுட்டு வந்து கண்டுபிடிக்கறேன்."

"உள்ள தனியா போயிடுவியா?"

"போறேன்."

"நிஜமா?"

"அண்ணி, கிளம்புங்க. கண்டிஷன் போட்டது நீங்கதான்."

அண்ணி எழுந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். சின்னவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கதவுக்கு முன்னால் ஒரு கணம் கால் தயங்கியது. பிறகு உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கடைத்தெருவில் அண்ணியைத் தேடிக்கொண்டு நடந்தாள். துணிக்கடையில் இல்லை, பாத்திரக் கடையில் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் சட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒன்று பழுப்பு. கையில் ஒன்று கறுப்பு. சின்னவள் உள்ளே நுழைவதைக் கண்ணாடியில் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் ஒரு கேள்வி எழுந்து, உதடுவரை வந்து, நின்றது.

"எது நல்லாருக்கு?" என்றாள், கையிலிருந்த கறுப்பைத் தூக்கிக் காட்டி.

சின்னவள் தள்ளி நின்று பார்த்தாள். அண்ணியின் முகத்தை இவ்வளவு நேரம் நின்று பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"கறுப்பைப் போடுங்க."

போட்டாள்.

"பழுப்புதான். இதுல ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கீங்க."

"அப்ப இதையே வாங்கறேன். நீ கொஞ்சம் பயந்து நடப்ப." அண்ணி கண்ணாடியைக் கழற்றாமல் கடைக்காரரைத் தேடினாள். பிறகு, விலையைக் கேட்கிற அதே குரலில், "ம்?" என்றாள்.

"சின்னதுதான் அண்ணி. சிறுநீரகம், எலும்பு எதையும் தொடல. ரத்தத்துல ஒரு புரதக் கணக்கு மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு. அதனால ஆறு மாசத்துல ஒரு தடவை பாக்கணும். அதுவும் அப்படியே இருந்தா, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. ஏறினா மருந்து ஆராய்ச்சியில சேத்துக்கலாமான்னு யோசிப்பாங்களாம்."

"ஆறு மாசம்."

"ஆறு மாசம்."

அண்ணி கறுப்பைக் கழற்றினாள். பழுப்புச் சட்டத்தை எடுத்து மீண்டும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "கொஞ்சம் இரு," என்றாள். "எனக்கு இன்னும் முடியல. இன்னிக்கு வேற வேலை எதுவும் இல்லையே?"

"இல்ல," என்று சொல்லிச் சின்னவள் அங்கிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.